முட்டையில் மருந்து வேண்டாம்: கோழிப் பேனுக்கு முதலில் கூட்டைக் கவனிப்போம்

சித்திரை பிறந்து வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் இலண்டனிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எம்மவர் வீடுகளின் பின்வளவுகள் உயிர்பெற்று விடுகின்றன. குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் இருந்த கறிவேப்பிலைச் சாடி வெளியே வரும். தக்காளிக் கன்றும் கீரைப் பாத்தியும் வரும். சில வீடுகளில் இவற்றுடன் ஒரு கோழிக்கூடும் இருக்கிறது. மூன்று நான்கு கோழிகள் தான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, பெரியவர்களுக்கு ஊர் ஞாபகம், காலையில் எல்லோருக்கும் நல்ல முட்டை. கூடுதலாக உள்ள முட்டைகள் பக்கத்து வீட்டுக்கும், உறவினருக்கும், சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் சந்திக்கும் நண்பருக்கும் போகும்.

இது நல்ல பழக்கம். இதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வெயிலோடு சேர்ந்து கோழிப் பேனும் வரும். அது வந்ததும் நாம் அவசரத்தில் கையில் கிடைத்த மருந்தை எடுத்துக் கோழியின் மேல் விடுகிறோம். அந்த மருந்து எங்கே போகிறது என்று யோசிப்பதில்லை. யோசிக்காதவர்களில் நானும் ஒருத்தி. அதனால் தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆடி மாதம். எங்கள் நான்கு கோழிகளும் மாலையில் கூட்டுக்குள் போக மறுத்தன. துரத்திப் பிடித்து உள்ளே விட்டால் இரவில் கத்தின. முட்டை குறைந்தது. சிவப்பாக இருந்த கொண்டைகள் வெளிறின. ஒரு நாள் காலையில் வெள்ளைக் கோழி கூட்டுக்குள் செத்துக் கிடந்தது.

அதே நாட்களில் எங்கள் பேத்திக்குக் கையிலும் கழுத்திலும் சிவப்புப் பருக்கள் வந்து கடித்தன. பகலில் என்னிடம் இருக்கும் பிள்ளை அவள். கோழியைத் தூக்கிக்கொண்டு திரிவது தான் அவளுக்கு வேலை. மகள் அவளை வைத்தியரிடம் கூட்டிப் போனாள். சொறிச் சிரங்காக இருக்கலாம் என்று கிறீம் கொடுத்தார்கள். வீட்டில் உள்ள அனைவரும் கழுத்திலிருந்து கால் வரை பூசினோம், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசினோம். பிள்ளையின் கடி நிற்கவில்லை. இதில் வைத்தியரின் பிழை எதுவும் இல்லை. வீட்டில் கோழி வளர்க்கிறோம் என்பதை நாங்கள் சொல்லவே இல்லை.

கோழி செத்த அன்று தான் கூட்டைத் திறந்து சரியாகப் பார்த்தேன். கோழிகள் இரவில் இருக்கும் தடியின் இரண்டு முனைகளிலும் சிகரெட் சாம்பல் கொட்டியது போல ஏதோ இருந்தது. விரலால் தடவினேன். விரல் இரத்தமாகியது.

பயந்து போனேன். பக்கத்து வீட்டில் நாய் வளர்க்கிறார்கள். நாயின் தெள்ளுக்குக் கழுத்தில் விடும் மருந்தில் மிச்சம் இருந்ததை அன்போடு தந்தார்கள். மூன்று கோழிகளுக்கும் செட்டையை விலக்கித் தோலில் விட்டேன். இரண்டு நாளில் கோழிகள் கொஞ்சம் தெளிந்தன. எனக்குப் பெரிய ஆறுதல். முட்டை மறுபடி வந்தது. வழக்கம் போல நான்கு வீடுகளுக்குக் கொடுத்தேன். பேத்திக்குத் தினமும் ஒன்று அவித்துக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பேன் திரும்பவும் வந்தது. இந்த முறை ஒரு மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். நாய் மருந்தின் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதற் கேள்வி: "முட்டையை யாராவது சாப்பிடுகிறார்களா?"

பேன் எங்கே இருக்கிறது?

ஊரில் நாம் கோழியில் ஊருவதை எல்லாம் கோழிப் பேன் என்ற ஒரே பெயரில் சொல்லி விடுவோம். உண்மையில் அவை பல வகை. இந்த நாட்டில் பின்வளவுக் கோழிகளுக்கு அதிகம் தொல்லை கொடுப்பது றெட் மைற் எனப்படும் சிவப்புச் சிற்றுண்ணி. டெர்மனிசஸ் கலினே என்பது அதன் விஞ்ஞானப் பெயர். இது பேன் அல்ல, எட்டுக் கால் கொண்ட உண்ணி இனம். முழுதாக வளர்ந்தாலும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் போகாது. பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், இரத்தம் குடித்த பின் சிவப்பு நிறம்.

இதைப் பற்றி நாம் அறிய வேண்டிய முக்கியமான விடயம், இது கோழியில் வாழ்வதில்லை என்பது தான். பகல் முழுவதும் கூட்டின் பலகை வெடிப்பிலும், தடியின் முனையிலும், முட்டைப் பெட்டியின் மூலையிலும் ஒளிந்திருக்கும். இருட்டியதும் வெளியே வந்து, தூங்கும் கோழியின் மேல் ஏறி, ஒரு மணித்தியாலம் வரை இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் இடுக்குக்குள் போய்விடும். முட்டை இடுவதும் அங்கே தான். ஒவ்வொரு முறை குடித்த பின்னும் நான்கு முதல் எட்டு முட்டை வரை இடும். கோடை வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணியாக மாற ஒரு வாரம் போதும். அதனால் தான் ஆனியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது ஆடியில் ஆயிரக்கணக்காகி விடுகிறது. குளிர் காலத்தில் இரத்தம் இல்லாமல் எட்டு மாதம் வரையும் உயிரோடு இருக்க வல்லது. ஆகவே கூட்டைச் சில வாரம் வெறுமையாக விட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

நான் மருந்து விட்டும் திரும்ப வந்ததன் காரணம் இப்போது விளங்கும். கோழியில் இருந்த சில செத்தன. கூட்டில் இருந்த மிச்சம் எல்லாம் அப்படியே இருந்தன.

வேறு இரண்டு வகைகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். நோர்தேர்ன் பவுல் மைற் என்ற உண்ணி கோழியின் உடம்பிலேயே வாழும். கோழியின் பின்புறத்துச் செட்டைகள் கறுத்து, எண்ணெய் பிடித்தது போல இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். இதற்குக் கூட்டை மட்டும் கழுவினால் போதாது, மிருக வைத்தியரிடம் கேட்டுக் கோழிக்கே வைத்தியம் செய்ய வேண்டும். இன்னொன்று காலின் செதில்களுக்கு அடியில் புகுந்து கொள்வது. கால் தடித்து, செதில்கள் மேலெழுந்து, வெள்ளைப் படை பிடித்திருக்கும். காலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையாகத் துடைத்து, வசிலினைத் தடிப்பாகப் பூசிச் சில நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்து வந்தால், பல கிழமைகளில் குறையும். செதிலைப் பிய்க்கக் கூடாது. ஊரில் சிலர் செய்தது போல மண்ணெண்ணெயில் காலைத் தோய்ப்பதும் கூடாது. அது தோலை எரித்துவிடும்.

மருந்து எப்படி முட்டைக்கு வருகிறது?

மிருக வைத்தியர் எனக்கு விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். ஒரு முட்டை கோழியின் வயிற்றில் ஒரே நாளில் உருவாவது போல நமக்குத் தோன்றும். வெள்ளைக் கருவும் கோதும் ஏறக்குறைய ஒரு நாளில் தான் சேர்கின்றன. ஆனால் மஞ்சள் கரு அப்படி அல்ல. அது ஏழு முதல் பத்து நாட்கள் வரை கோழியின் இரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்து எடுத்து வளர்கிறது. ஒன்றன் பின் ஒன்றாகப் பல மஞ்சள் கருக்கள் ஒரே நேரத்தில் வளர்ந்து கொண்டிருக்கும். ஆகவே கொழுப்பில் கரையும் ஒரு மருந்தை இன்று கோழியின் தோலில் விட்டால், அது நாளை வரும் முட்டையில் மட்டும் அல்ல, அடுத்து வரும் பல முட்டைகளிலும் இருக்கும்.

நாய், பூனைகளுக்குத் தெள்ளு மருந்தாக விற்கப்படும் பலவற்றில் பிப்றோனில் என்ற இரசாயனம் உள்ளது. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அது ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் அனுமதிக்கப்படவில்லை. 2017 கோடையில் ஐரோப்பாவை உலுக்கிய முட்டை விவகாரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். நெதர்லாந்தில் கோழிப் பண்ணைகளைச் சுத்தம் செய்த ஒரு நிறுவனம், இதே சிவப்புச் சிற்றுண்ணியைக் கொல்வதற்காகப் பிப்றோனில் கலந்த திரவத்தைப் பாவித்தது. பண்ணைகள் மூடப்பட்டன, கோடிக்கணக்கில் முட்டைகள் அழிக்கப்பட்டன. பிரித்தானியாவுக்கும் சுமார் 700,000 முட்டைகள் வந்திருக்கலாம் என்று இங்குள்ள உணவுத் தர முகவரகம் அந்த ஆவணி மாதம் அறிவித்தது. முட்டை சேர்ந்த சில சாண்ட்விச், சலாட் வகைகள் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன.

பெரிய பண்ணைக்காரன் செய்தபோது நாம் அனைவரும் கோபப்பட்டோம். அதே மருந்தை அதே காரணத்துக்காக நான் என் வளவில் செய்தேன். பண்ணையின் முட்டையைச் சோதிக்க அதிகாரிகள் இருந்தார்கள். என் முட்டையைச் சோதிக்க யாரும் இல்லை.

"எத்தனை நாளைக்கு முட்டையைத் தவிர்க்க வேண்டும்?" என்று கேட்டேன். அனுமதிக்கப்பட்ட மருந்தென்றால் இத்தனை நாள் என்று கணக்கு இருக்கும், கோழிக்கு அனுமதி இல்லாத மருந்துக்கு எந்தக் கணக்கைச் சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கோழிகளின் முட்டை பிறகு எங்கள் அடுப்புக்கு வரவில்லை.

பிறகு நான்கு வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அது எனக்கு இலேசான வேலையாக இருக்கவில்லை. "அன்று தந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம், மிச்சம் இருந்தால் எறிந்து விடுங்கோ" என்று சொல்லும்போது நாக்கு எழவில்லை. ஒரு வீட்டில் மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. அவர் பயந்துவிட்டார். என் மகளிடம் சொன்னபோது அவள் ஏசவில்லை. "அம்மா, எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் தானே" என்றாள். அவ்வளவு தான். அது போதுமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சமநிலையாகச் சொல்ல வேண்டும். 2017 விவகாரத்தின் போதும் பொதுமக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து ஏற்படுவது மிக அரிது என்று தான் உணவுத் தர முகவரகம் கூறியது. அப்படி ஒரு முட்டையைச் சாப்பிட்டுவிட்ட எவரும் உடனே பீதி அடையத் தேவையில்லை. எங்கள் எவருக்கும் ஒரு சுகவீனமும் வரவில்லை. ஆனால் ஆபத்து சிறிது, ஆகவே பரவாயில்லை என்று இன்னொருவரின் பிள்ளைக்காக நான் தீர்மானிக்க முடியாது. முட்டை கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அறியும் உரிமை சாப்பிடுபவர்களுக்கு உண்டு.

"ஊரில் இப்படித்தானே செய்தோம்?"

இதைப் பற்றிக் கதைக்கும் போதெல்லாம் எம்மவர் சொல்லும் பதில் இது. ஊரில் என்ன செய்தோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான கோழிகள் மாமரத்திலோ முருங்கையிலோ ஏறித் தூங்கின. குஞ்சும் தாயும் கரப்புக்குள் இருந்தன. கரப்பை அடுத்த நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தோம். அடுப்படிக்குப் பின்னால் கொட்டிய சாம்பலில் கோழிகள் நாள் முழுதும் புரண்டன. உண்ணி ஒளிந்திருக்க ஈரமான, இருட்டான பலகைப் பெட்டி அங்கே பெரும்பாலும் இருக்கவில்லை. இங்கே நாம் கடையில் வாங்கி வைப்பது அப்படி ஒரு பெட்டியைத் தான். கூரைக்கு அடித்திருக்கும் கறுப்புத் தார்ச் சீற்றைக் கிளப்பிப் பாருங்கள். சிவப்புச் சிற்றுண்ணி குடியிருப்பதற்கு அதை விடச் சிறந்த இடம் கிடையாது. ஊர் வைத்தியம் இங்கே பலிக்காததற்குக் காரணம் கோழி வேறு என்பது அல்ல, கூடு வேறு என்பது தான்.

இன்னும் சிலர், "நாங்கள் இயற்கை மருந்து தான் பாவிக்கிறோம்" என்பார்கள். வேப்பெண்ணெய், வெள்ளைப்பூண்டுச் சாறு போன்றவை. கடைப் போத்தலில் உள்ள எண்ணெயின் வலு எவ்வளவு, எத்தனை தரம் அடிக்க வேண்டும் என்பதற்கு அளவு கிடையாது. கோழியின் செட்டையில் எண்ணெய் பிடித்தால் குளிர் தாங்கும் தன்மை குறைந்துவிடும். இயற்கை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனதைத் தேற்றிக் கொள்வதில் அர்த்தம் இல்லை. ஊரிலிருந்து பொதியில் வரும், பெயர்ச்சீட்டு இல்லாத பூச்சித் தூள்களை எந்தக் காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

வேறு சிலருக்கு வெட்கம். கோழிக்குப் பேன் என்றால் வீடு துப்பரவில்லை என்று நினைப்பார்களாம். குருவியும் புறாவும் இதைக் கொண்டு வரும். புதிதாக வாங்கும் கோழியோடு வரும், பழைய கூட்டோடு வரும், இன்னொருவரின் முட்டைத் தட்டோடும் வரும். துப்பரவான வீட்டுக்கும் வரும். வெட்கப்பட்டு மறைப்பதால் தான் மருந்துப் போத்தல் இரகசியமாக வெளியே வருகிறது.

என்ன செய்யலாம்?

முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டி ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு ரோர்ச்சோடு போய்த் தடியின் அடிப்பக்கத்தை வெள்ளைக் கடதாசியால் துடையுங்கள். கடதாசியில் சிவப்புக் கோடு விழுந்தால் உண்ணி உண்டு. முட்டைக் கோதில் சிறு இரத்தப் புள்ளிகளும் ஓர் அடையாளம். நெளிநெளியான கார்ட்போட் துண்டொன்றைத் தடியின் கீழ் இரண்டு நாள் கட்டி வைத்தும் பார்க்கலாம். உண்ணிகள் அதற்குள் புகுந்திருக்கும். பார்த்த பின் அதைப் பையில் கட்டி எறிந்து விடுங்கள்.

இருந்தால், கீழே உள்ள ஒழுங்கில் செய்யுங்கள்.

1. கோழிகளைக் காலையில் வெளியே விட்டதும் கூட்டில் உள்ள வைக்கோல், மரத்தூள் அனைத்தையும் அள்ளிப் பையில் இறுக்கிக் கட்டுங்கள்.

2. தடி, முட்டைப் பெட்டி, கழற்றக் கூடிய பலகைகள் யாவற்றையும் கழற்றுங்கள். முனைகளையும் இடுக்குகளையும் சுரண்டுங்கள். தார்ச் சீற் இருந்தால் கிளப்பிப் பாருங்கள். முடிந்தால் அதை அகற்றிவிட்டு நெளித் தகடு போடுங்கள்.

3. சவர்க்காரம் கலந்த சுடுநீரால் இடுக்கு இடுக்காகக் கழுவுங்கள். பிறஷர் வொஷரோ நீராவி அடிக்கும் கருவியோ இருந்தால் மிக நல்லது. 45 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை இந்த உண்ணி தாங்காது.

4. கூடு முற்றாகக் காய்ந்த பின், டயற்றமேசியஸ் ஏர்த் எனப்படும் நுண்ணிய மண்தூளை இடுக்குகளிலும் தடியின் முனைகளிலும் தூவுங்கள். அது நஞ்சு அல்ல. உண்ணியின் மேலுள்ள மெழுகுப் படையை உறிஞ்சி, அதைக் காய்ந்து சாக வைக்கும். ஈரப்பட்டால் வேலை செய்யாது. தூள் சுவாசப்பைக்குக் கூடாது என்பதால் மாஸ்க் அணிந்து, பிள்ளைகளையும் கோழிகளையும் தள்ளி வைத்துவிட்டுத் தூவுங்கள். ஆஸ்த்மா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

5. ஐந்து முதல் ஏழு நாள் கழித்து இதையே மறுபடியும் செய்யுங்கள். அதன் பிறகு இன்னொரு முறை. முதல் தடவை தப்பிய முட்டைகள் பொரித்து வளர்வதற்கு முன் பிடிப்பது தான் இதன் நோக்கம். ஒரு தரம் கழுவிவிட்டுப் பலன் இல்லை என்று சொல்பவர்களே அதிகம்.

6. ஸ்பிறே வாங்குவதென்றால் கோழிக்கூட்டுக்கு என்று லேபலில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். கோழி உள்ளே இருக்கும்போது அடிக்கலாமா, முட்டையை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதையும் அதில் வாசியுங்கள். கரப்பான், எறும்பு, நாய்த் தெள்ளு ஆகியவற்றுக்கு விற்பவை வேண்டாம்.

கொண்டை வெளிறி, சோர்ந்து இருக்கும் கோழியைத் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தம் குறைந்து கோழி சாகக் கூடும் என்பதை எங்கள் வெள்ளைக் கோழியில் கண்டேன். வைத்தியரிடம் இப்போது நல்ல மருந்து உண்டு. புளுறலனர் என்ற மருந்து 2017 இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. குடிக்கும் தண்ணீரில் கலந்து ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுப்பார்கள். முட்டையைத் தவிர்க்க வேண்டிய நாள் எதுவும் இல்லை என்ற அடிப்படையில் அதற்கு அனுமதி கிடைத்தது. வைத்தியரின் சீட்டு இல்லாமல் கிடைக்காது. "கோழியின் விலையை விட வைத்தியரின் பீஸ் கூட" என்பது உண்மை தான். ஆனால் மேலே சொன்ன ஆறும் ஒழுங்காகச் செய்தால் பல வீடுகளுக்கு அந்தச் செலவு வராது.

வராமல் காக்கவும் பெரிய வேலை இல்லை. பங்குனியிலிருந்து ஐப்பசி வரை வாரம் ஒரு முறை கடதாசிச் சோதனை. தடியின் முனைகளுக்கு வசிலின். கோழிகள் புரள்வதற்கு மழை படாத ஒரு பெட்டியில் மணலும் விறகுச் சாம்பலும். புதுக் கோழி வந்தால் மூன்று வாரம் வேறாக வைத்தல். கூட்டுக் கூரையில் குருவி கூடு கட்ட விடாமல் பார்த்தல். புதிதாகக் கூடு வாங்குபவர்கள் இடுக்குக் குறைந்த பிளாஸ்ரிக் கூட்டை யோசிக்கலாம்.

வைத்தியரிடம் சொல்லுங்கள்

இந்தச் சிற்றுண்ணி மனிதரையும் கடிக்கும். சிறிய சிவப்புப் பருக்கள், கடுமையான அரிப்பு. ஆனால் சொறிச் சிரங்கு உண்ணியைப் போல எங்கள் தோலுக்குள் குடியிருந்து பெருகாது. கூட்டைச் சுத்தம் செய்து, உடுப்பையும் படுக்கை விரிப்பையும் சுடுநீரில் தோய்த்தால் கடி நின்றுவிடும். எங்கள் பேத்திக்கும் அப்படியே நின்றது. அரிப்புக்கான மருந்தைப் பார்மசியிலோ வைத்தியரிடமோ கேட்கலாம். கோழி வளர்க்காத வீடுகளிலும் இது வரலாம். கூரைக்குக் கீழே கட்டிய புறாக் கூட்டைக் குஞ்சுகள் விட்டுப் போன பின், பசித்த உண்ணிகள் யன்னல் வழியாகப் படுக்கையறைக்கு வருவதுண்டு. ஆகவே காரணம் தெரியாத அரிப்பென்று வைத்தியரிடம் போகும் போது, வீட்டில் கோழி உண்டு, கூரையில் புறா உண்டு என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

சட்டத்தின் கண்ணில், உங்கள் வளவில் நிற்கும் இரண்டு கோழியும் உணவு தரும் பிராணிகள் தான். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2024 ஒக்டோபர் 1 முதல், ஸ்கொட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு பறவைக் காய்ச்சலுக்காக வந்தது. முட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை அது பார்க்காது. அதை நாம் தான் பார்க்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. முட்டை கொடுப்பவர்கள், கோழிக்கோ கூட்டுக்கோ அண்மையில் ஏதாவது மருந்து பாவித்திருந்தால், அதன் பெயரையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதி முட்டைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். எதுவும் பாவிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். வாங்குபவர்கள் கேளுங்கள். அன்பாகத் தருவதைக் கேள்வி கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அன்று அந்த நான்கு வீட்டில் ஒருவர், "அக்கா, கோழிக்கு என்ன மருந்து விட்டீங்கள்?" என்று கேட்டிருந்தால் நான் மருந்துப் போத்தலை எடுத்து வாசித்திருப்பேன். கோழிக்கு உரியதல்ல என்று அதிலேயே தெரிந்திருக்கும்.

இப்போது எங்கள் வளவில் புதிதாக மூன்று கோழிகள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடு கழுவுவது பேத்தியும் நானும் தான். கடதாசியால் தடியைத் துடைத்துப் பார்ப்பது அவளுடைய வேலை. வெள்ளையாக வந்தால் ஓடிவந்து காட்டுவாள். அந்த வாரம் முட்டை கொடுக்கலாம்.